ஆக்சில் மாற்றம்: கழற்றுவது கால்வாசி, அளப்பது முக்கால்வாசி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கரடுமுரடான பாதையில் ஓட்டும் வண்டிகளின் பின் ஆக்சிலை வீட்டிலேயே மாற்றிக்கொள்வது பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். இந்த வேலையை வீட்டில் செய்ய முடியாது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. முடியும். ஆனால் பழையதை இறக்கு, பெரியதை ஏற்று, சனி ஞாயிறுக்குள் வண்டி ரெடி என்று கட்டுரை சொன்ன விதம் எங்களைக் கவலைப்பட வைத்தது. போல்ட்டைக் கழற்றுவதும் மாட்டுவதும் இதில் கால்வாசி வேலைதான். மீதி முக்கால்வாசி அளப்பது. பெரிய ஆக்சில் போட்ட பிறகும் ஒரு வண்டி உடைகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பாகத்தை அல்ல, அளக்காமல் விட்ட இடத்தை.

கட்டுரை தொடாத முதல் விஷயம், பழைய ஆக்சில் ஏன் போதவில்லை என்ற கேள்வி. சைடு ஷாஃப்ட் (ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) உடைந்திருந்தால் அதைக் குப்பையில் போடாதீர்கள். உடைந்த முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முகத்தின் ஒரு பகுதி வழவழப்பாக, அலை ஒதுங்கிய மணல் போல வரிவரியாக இருந்து, மீதி மட்டும் சொரசொரப்பாக இருந்தால், அது பல நாளாக மெல்ல மெல்ல விரிந்த வெடிப்பு. ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு) வளைந்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் தடித்த ஷாஃப்ட் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். முகம் முழுவதும் ஒரே மாதிரி சுழல் வடிவமாகவோ, ஏறக்குறைய 45 பாகையில் சாய்ந்தோ முறுக்கி முறிந்திருந்தால் அது ஒரே அடியில் வந்த முறுக்கு. இன்னும் உடையாத ஷாஃப்ட்டிலும் ஸ்ப்ளைன் பற்களை, அதாவது தண்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய வரிகளைப் பாருங்கள். நேராக ஓட வேண்டிய வரிகள் கயிறு திரித்தது போல் லேசாகச் சாய்ந்திருந்தால் இரும்பு தன் எல்லையைத் தாண்டிவிட்டது. அதை ‘ஸ்பேர்’ என்று எடுத்து வைப்பதில் பயனில்லை.

அடுத்தது லாக்கர், அதாவது இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சுழல வைக்கும் கருவி. கட்டுரை முதலில் லாக்கர் போடச் சொல்கிறது, ஷாஃப்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறது. வரிசை தலைகீழ். சாதாரண டிஃபரென்ஷியல் (ஆக்சில் நடுவில் முறுக்கை இரு பக்கமும் பிரிக்கும் பல்சக்கரக் கூட்டு) இரண்டு ஷாஃப்ட்டுக்கும் ஏறக்குறைய சமமாகத்தான் முறுக்கு விசையைக் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றால் மற்றதுக்கும் ஒன்றும் போகாது. அது தொல்லைதான், ஆனால் ஷாஃப்ட்டுக்குப் பாதுகாப்பும் அதுவே. லாக்கர் பூட்டிய நொடியில், பிடிப்புள்ள ஒரே சக்கரத்தின் ஷாஃப்ட் முழுச் சுமையையும் வாங்குகிறது. கணக்குப் போட்டால் புரியும். இஞ்சின் 250 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 4, லோ ரேஞ்ச் (மெதுவான வேகத்தில் இழுவையைக் கூட்டும் கூடுதல் கியர்) 2.5, ஆக்சில் விகிதம் 3.73 என்று வைத்துக்கொண்டால், கிரவுன் வீலில் (ஆக்சில் நடுவில் உள்ள பெரிய பல்சக்கரம்) 9,325 நியூட்டன் மீட்டர் வரும். தரையில் டயர் வழுக்குவதால் பெரும்பாலும் இவ்வளவு ஷாஃப்ட் வரை போய்ச் சேராது. 900 கிலோ சுமை தாங்கும் 33 அங்குல டயர், நல்ல பிடிப்புள்ள பாறையில்கூட, 3,000 நியூட்டன் மீட்டர் அளவில் வழுக்கிவிடும். ஆனால் டயர் இரண்டு பாறைக்கு நடுவே சிக்கிக்கொண்டால் வழுக்க வழியில்லை. அந்தரத்தில் வேகமாகச் சுழன்றுகொண்டிருந்த சக்கரம் திடீரென்று தரையைக் கவ்வினாலும் அப்படித்தான். ஷாஃப்ட் முறிவது இந்த இரண்டு இடத்தில்.

ஷாஃப்ட்டின் முறுக்குத் தாங்கும் திறன் விட்டத்தின் முப்படியைப் பொறுத்தது. ஒரே உலோகத்தில் 30 மி.மீ. ஷாஃப்ட்டுக்குப் பதில் 33 மி.மீ. போட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வலு. 38 மி.மீ. என்றால் இரண்டு மடங்கு. அதனால்தான் 35 ஸ்ப்ளைன், ஒன்றரை அங்குல ஷாஃப்ட்டுகளுக்கு இத்தனை மதிப்பு. விட்டத்தைவிடவும் முக்கியம், ஆக்சில் செமி ஃப்ளோட்டிங்கா ஃபுல் ஃப்ளோட்டிங்கா என்பது. செமி ஃப்ளோட்டிங்கில் வண்டியின் எடையையும் முறுக்கையும் ஷாஃப்ட்டே சுமக்கிறது. வெளிப்பக்கம் முறிந்தால் சக்கரம் கழன்று போகும். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் ஹப்புக்குள் இருக்கும் இரண்டு பேரிங்குகள் எடையைத் தாங்கும், ஷாஃப்ட் முறுக்கை மட்டும் கடத்தும். முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். முறிந்த துண்டுகளை உருவிவிட்டு, ஹப் முகத்தை மூடி, முன் சக்கர இழுவையில் மெல்ல வெளியே வரலாம். பெரிய டயரும் லாக்கரும் சேர்ந்து போடுகிறவர்களுக்கு எங்கள் சிபாரிசு இதுதான், எடை கூடினாலும்.

வேறு வண்டியிலிருந்து கழற்றிய ஆக்சில் வாங்கினால் கையில் டேப் இல்லாமல் போகாதீர்கள். சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து எதிர் முகம் வரை மொத்த அகலம், பட்டை ஸ்பிரிங் இருக்கைகளின் மையத்திலிருந்து மையம், வீல் போல்ட் வட்டம் (5 போல்ட் 114.3 மி.மீ.யா, 139.7 மி.மீ.யா, இல்லை 6 போல்ட் 139.7 மி.மீ.யா), குழாயின் வெளிவிட்டம் எல்லாம் குறிக்க வேண்டும். பினியன் (கிரவுன் வீலைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸின் (முறுக்கை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் பெட்டி) வெளிவாய் எந்தப் பக்கமோ அதோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கிருந்து ஆக்சிலுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கவாட்டிலும் சாய்ந்து ஓடும், அதன் முனையில் வளைந்து சுழலும் மூட்டான கிராஸ் ஜாயின்ட் சீக்கிரம் போய்விடும். ஹவுசிங் நேராக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, இரண்டு ஹப்பிலும் ஒரே நீளத்தில் நேரான பட்டையைக் கட்டி, பட்டை நுனிகளுக்கு இடையே முன்பக்கமும் பின்பக்கமும், பிறகு மேலும் கீழும் அளந்து ஒப்பிடுவது. மேலும் கீழும் வித்தியாசம் வந்தால் குழாய் எடையில் தொய்ந்திருக்கிறது. அந்த ஆக்சிலை விட்டுவிடுங்கள்.

விகிதத்தில் பலர் சறுக்குகிறார்கள். 28 அங்குல டயரிலிருந்து 33-க்குப் போனால் பழைய இழுவை திரும்ப வர 3.73-ஐ 33-ஆல் பெருக்கி 28-ஆல் வகுக்க வேண்டும். 4.40 வரும். கிடைக்கும் செட்களில் அதற்கு அருகில் 4.27-ம் 4.56-ம். கனமான வண்டிக்கு 4.56 சரி. ஆனால் 3.73 என்பது 41 பல் கிரவுன் வீலும் 11 பல் பினியனும். 4.56-ல் பினியனுக்கு 9 பல்தான். அதே அளவு கிரவுன் வீலில் பல் குறையக் குறைய பினியன் மெலியும். எனவே விகிதத்தை மிகவும் ஏற்றிவிட்டு வலு கூடிவிட்டது என்று நினைக்கக் கூடாது. பின்னால் மாற்றிய விகிதத்தை முன் ஆக்சிலிலும் மாற்றியே தீர வேண்டும். மாற்றாமல் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டு, பிடிப்புள்ள தரையில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். வாங்கிய ஆக்சிலின் விகிதம் தெரியவில்லையா? லாக்கர் இல்லாத ஆக்சிலில் ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்து, மறுபக்கத்தைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். பினியன் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் விகிதம்.

வண்டியைத் தூக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. அந்தச் சக்கரத்தைத்தான் நீங்கள் கழற்றப் போகிறீர்கள். பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை உருவிய பிறகு கியரும் பின் சக்கரத்தைப் பிடிக்காது. ஆகவே முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டு, முன் ஹப்பைப் பூட்டி, முதல் கியரில் நிறுத்துங்கள். ஸ்டாண்டு சேசிஸுக்கு அடியில், ஸ்பிரிங் கொக்கிக்குச் சற்று முன்னால். ஆக்சிலுக்கு அடியில் வைத்த ஸ்டாண்டு ஆக்சில் இறங்கும்போது யாரையும் காப்பாற்றாது. ஜாக்கியை நம்பி அடியில் தலை நுழைக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், இருந்தும் சொல்கிறோம்.

ஸ்பிரிங் இருக்கைகளை வெல்டு செய்யும் இடத்தைக் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது. பினியன் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பொறுத்தது. இரண்டு முனையிலும் ஒற்றைக் கிராஸ் ஜாயின்ட் என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸின் தண்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு பாகைக்குள் நிற்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டைக் கிராஸ் ஜாயின்ட் என்றால் பினியன் நேராக ஷாஃப்ட்டை நோக்க வேண்டும், அதிலும் 1 அல்லது 2 பாகை தாழ்வாக. இழுவையில் பினியன் மூக்கு மேலே எழும்பும், அப்போது நேராகும். இந்தக் கோணத்தை வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது வைக்கவே கூடாது. இருக்கைகளை வெல்டு செய்யாமல் யூ போல்ட்டில் மட்டும் பிடித்து, முழு எடையும் ஸ்பிரிங் மேல் இறங்கிய பிறகு கோணமானியால் பார்த்து, இரண்டு பக்கமும் சமம் என்று உறுதிசெய்து, டேக் (சிறு பொட்டு வெல்டு) அடித்துவிட்டுப் பிறகு கழற்றி முழு வெல்டு போடுங்கள். ஒரே மூச்சில் நீளமாக வெல்டு இழுத்தால் குழாய் அந்தப் பக்கமே வளையும். மூன்று செ.மீ. இங்கே, மூன்று செ.மீ. எதிர்ப்பக்கம், கை வைத்துப் பார்க்கும் அளவுக்கு ஆறிய பிறகு அடுத்தது. பேரிங்கும் சீலும் உள்ளே இருக்கும்போது முழு வெல்டு செய்யாதீர்கள். எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள், மின்சாரம் பேரிங் வழியாகப் போனால் உருளைகளில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். நடுவில் இருக்கும் வார்ப்புப் பகுதியில் குழாயைச் சேர்த்து வெல்டு செய்வதானால் முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் ராடில் போட்டு, மெல்ல ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் வெல்டு ஓரத்திலேயே வெடிக்கும்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் கழுவிய இரும்பில் வெல்டு செய்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். டப்பாவில் குளோரின் சேர்மங்கள் எழுதியிருந்தால் அதை வெல்டிங் பக்கமே கொண்டு வராதீர்கள். பழைய டிரம் பிரேக்கின் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடையுங்கள்.

கிரவுன் பினியன் செட்டிங்குக்கு வருவோம். புதிய செட் பூட்ட டயல் கேஜ், மைக்ரோமீட்டர், பிரஸ், பல் பதிவு பார்க்கும் மஞ்சள் பசை இந்த நான்கும் இல்லாமல் தொடங்காதீர்கள். கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாகத் தேய்த்து வரும். இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். எண் வேறானால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேரிங் மூடிகளை ஹவுசிங்கோடு சேர்த்தே கடைந்திருப்பார்கள். கழற்றுமுன் இடது வலது என்று பொட்டு அடித்துக்கொள்ளுங்கள். கிரவுன் வீலை டிஃபரென்ஷியல் கூண்டின் மேல் போல்ட்டால் இழுத்து உட்கார வைக்காமல், ஏறக்குறைய 100 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் தானாகவே உட்காரும். அடியில் ஒரு சிறு பிசிறு இருந்தாலும் வீல் கோணலாக ஓடும். சில ஆக்சில்களில் கிரவுன் வீல் போல்ட் லெஃப்ட் திரெட். சுற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு பலத்தைக் காட்டுங்கள்.

வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றி மாற்றிப் போட்டே பேரிங்கைக் கெடுத்துவிடுகிறார்கள். பழைய உள் பேரிங்கின் துளையைச் சற்றே தேய்த்துக் கையாலேயே ஏறி இறங்குமாறு செய்துகொண்டால், அதை வைத்துப் பத்து முறை கூடப் பார்க்கலாம். பழைய பேரிங், புதிய பேரிங் இரண்டின் உயர வித்தியாசத்தை மட்டும் மைக்ரோமீட்டரில் அளந்து ஷிம் கணக்கில் சேர்க்க வேண்டும். பல் இடைவெளி (பேக்லாஷ்) பொதுவாக 0.15 முதல் 0.25 மி.மீ. வரை. செட்டோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதுவே செல்லும். கிரவுன் வீலைச் சுற்றி நான்கு இடத்தில் அளங்கள். இடத்துக்கு இடம் 0.05 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் வீல் நேராக உட்காரவில்லை.

பிறகு பசையைப் பூசி, கிரவுன் வீலை ஒரு கட்டையால் அழுத்திக்கொண்டே பினியனைச் சுற்றிப் பதிவைப் பாருங்கள். பதிவு பல்லின் வேர்ப்பக்கம் இறங்கியிருந்தால் பினியன் அதிகம் உள்ளே வந்துவிட்டது, வெளியே தள்ள வேண்டும். நுனிப்பக்கம் ஏறியிருந்தால் இன்னும் உள்ளே வர வேண்டும். அதற்கு ஷிம்மைக் கூட்டுவதா குறைப்பதா என்பது ஆக்சிலின் அமைப்பைப் பொறுத்தது, ‘கூட்டினால் உள்ளே’ என்ற பொது விதி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. நீளவாக்கில் பதிவு நடுவில், அல்லது சற்று உள்முனைப் பக்கம் இருக்கலாம். சுமை ஏறும்போது அது வெளிமுனை நோக்கி நகரும். முன்னோட்டப் பக்கமும் பின்னோட்டப் பக்கமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் முன்னோட்டப் பக்கத்துக்கே முதலிடம். இந்தப் பதிவு சரியில்லாமல் ஓடும் ஆக்சில் முதலில் ஊளையிடும், பிறகு பல் பொடியும்.

பினியன் பேரிங்கின் இறுக்கம் (பிரீலோடு) இன்னொரு பொறி. நசுங்கும் ஸ்லீவ் உள்ள ஆக்சிலில் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்க்க வேண்டும். ஸ்லீவ் நசுங்கத் தொடங்கவே பெரும் பலம் வேண்டும், யோக்கை (பினியன் முனையில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் பூட்டும் கவை) பிடிக்க நீளமான இரும்புப் பட்டை இல்லாமல் முடியாது. அளவு தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்தித் திருத்தக் கூடாது. புதிய ஸ்லீவ்தான். புதிய பேரிங்குக்கு 1.7 முதல் 3.4 நியூட்டன் மீட்டர் பொதுவான அளவு, ஓடிய பேரிங்குக்கு ஏறக்குறைய பாதி. இவ்வளவு சிறிய அளவைக் காட்டும் ரெஞ்ச் இல்லையென்றால் யோக்கில் நூலைச் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுங்கள். நூல் மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி இருந்தால், 4 கிலோ காட்டும்போது 2 நியூட்டன் மீட்டர். இழுக்கத் தொடங்கும்போது காட்டும் அளவை விட்டுவிட்டு, சீராகச் சுழலும்போது காட்டுவதைக் குறியுங்கள்.

பிரேக்கை ஏதோ துணை வேலை போல் கட்டுரை எழுதியிருக்கிறது. டிரம் இருந்த இடத்தில் டிஸ்க் வந்தால், டிரம்முக்காக எண்ணெய்க் குழாயில் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தேக்கி வைத்திருந்த வால்வை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். முன் பின் பிரேக் பங்கீடு மாறிவிடும் என்பதால், காற்று முழுவதும் எடுத்த பிறகு ஆள் நடமாட்டமில்லாத சரளைத் தரையில் மெதுவான வேகத்தில் அழுத்திப் பாருங்கள். முன் சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். பின் சக்கரம் முந்திக்கொண்டால் வண்டி பின்புறம் வீசித் திரும்பும், அந்த நிலையில் சாலைக்கு எடுக்கக் கூடாது. ஏ.பி.எஸ். இருந்தால் சென்சார் வளையத்தின் பல் எண்ணிக்கை பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ஸ்பிரிங் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஸ்லிப் முனை வெளியே வந்துவிடுகிறதா, ஸ்பிரிங் முழுதாக அழுந்தும்போது அது உள்ளே முட்டுகிறதா என்று மூன்றையும் பாருங்கள். யூ போல்ட்டைப் பழையதே போதும் என்று விடாதீர்கள். புதியது போட்டு, 100 கி.மீ. ஓடிய பிறகு மீண்டும் இறுக்க வேண்டும்.

பிரீதரை (ஆக்சிலின் காற்றுப் போக்குக் குழாய்) நீட்டி சேசிஸ் உயரத்துக்கு மேலே கொண்டுபோங்கள். சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தாழ்வான பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் போல் வெளுத்தால் அதுதான் காரணம். ஹைப்பாய்டு பல்லுக்கு (பினியன் மையம் விலகி நிற்கும் கிரவுன் பினியன் அமைப்பு) ஜி.எல்.-5 தர கியர் ஆயில் வேண்டும், கிளட்ச் தட்டுள்ள லிமிடெட் ஸ்லிப் (சக்கரம் தனியாக வழுக்குவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல்) என்றால் அதற்கான சேர்ப்புப் பொருளும்.

புதிய பற்களை முதல் நாளே பாறையில் ஏற்றினால் அத்தனை அளவும் வீண். முதலில் 20, 25 கி.மீ. தூரம், வேகத்தை மாற்றி மாற்றி மென்மையாக ஓட்டி, ஹவுசிங் முழுதாக ஆறும்வரை நிறுத்துங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். 800 கி.மீ. வரை எதையும் கட்டி இழுக்க வேண்டாம். பிறகு ஆயிலை இறக்கி, டிரெயின் பிளக்கின் காந்தத்தைப் பாருங்கள். விரலில் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் மை போல வழுக்கும் பொடி இயல்பானது, துடைத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றலாம். நகத்தில் தட்டுப்படும் செதில் ஒன்று கிடைத்தாலும் புது ஆயில் ஊற்றாமல் மூடியைத் திறந்து, பசையைப் பூசி, பதிவை மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆக்சில் வேலை செய்யும் பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்